சோடா விற்ற சிறுவன் கற்ற பாடம்



பரிசளிப்பு விழா என்றாலே ஆட்டமும் பாட்டும் நாடகமும்தான். வேஷம் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரே கவலை, வசனம் மறந்துபோகுமோ என்பது. எதிரே நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைப் பற்றி யாராவது நினைக்கிறோமா? அந்த ஜனங்களையே குருவாகக் கொண்டு பேர் வாங்கிய ஒரு கலைஞரின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். வறுமை காரணமாகப் பள்ளிப்படிப்பு சின்ன வகுப்போடு நின்றுவிட்டது. வயிற்றுப்பாட்டுக்காக நாடகக் கொட்டகையில் சோடா விற்றார்.

சோடா விற்கிற பையன் எந்தப் பக்கம் பார்ப்பான்? மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களின் முகத்தைத்தான் பார்ப்பான்! யாருக்குத் தாகம், யார் கொட்டாவி விடுகிறார், எந்த இடத்தில் கொட்டகையே குலுங்கிச் சிரிக்கிறது என்பதெல்லாம் அவன் கண்ணில் படாமல் போகுமா? நடிகனாகும் முன்பே ரசிகர்களை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது. காசு கொடுத்தும் கிடைக்காத படிப்பு அது.

அவர் பிறந்த நாஞ்சில் நாடு வில்லுப்பாட்டுக்குப் பேர் போன சீமை. குடத்தின் மேல் வில்லை வைத்துக் கோலால் தட்டிக் கதை சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர் சும்மா இருக்கமாட்டார். கதைக்கு ஆமாம் போடுவார், நடுநடுவே கேள்வியும் கேட்பார். கேட்பவர் மனத்தில் எழும் சந்தேகத்தை அவரே வாய்விட்டுக் கேட்டுவிடுவார். கேட்பவனுக்கும் கதையில் பங்கு உண்டு என்பதுதான் அந்தக் கலையின் ரகசியம். கிருஷ்ணன் கலையுலகில் கால் வைத்ததே இந்த வில்லுப்பாட்டில்தான். புகழ் பெற்ற பிறகும் அவர் அதை மறந்துவிடவில்லை. சுப்பு ஆறுமுகம் என்ற இளம் கவிஞரைச் சென்னைக்கு அழைத்துவந்து ஆதரித்து, காந்தியடிகளின் வரலாற்றை வில்லிசையாகப் பாடினார்.

டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்து, 1930களின் நடுவில் சினிமாவுக்கு வந்தார். 1936ல் வெளிவந்த 'சதி லீலாவதி' அவருடைய தொடக்க காலப் படங்களில் ஒன்று. எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் அந்தப் படத்தில்தான். மனைவி டி.ஏ. மதுரத்தைத் துணையாகக் கொண்டு கிருஷ்ணன் தம் நகைச்சுவைக் காட்சிகளைத் தாமே அமைத்துக்கொண்டார். பாட்டு எழுத உடுமலை நாராயணகவி இருந்தார். அடி, உதை, குட்டிக்கரணம் போட்டால்தான் சிரிப்பு வரும் என்று அவர் நம்பவில்லை. ஜனங்களின் அன்றாடப் பேச்சையும் வீட்டுச் சண்டையையும் எடுத்து அவர்களுக்கே கண்ணாடி பிடித்தார். அவர்கள் தங்களைப் பார்த்தே சிரித்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரசிகர்களை மதிப்பது வேறு, கைதட்டலுக்காக வளைந்துகொடுப்பது வேறு. அறிஞர் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படம் 1949ல் வந்தது. அதில் கலைவாணர் 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் செய்தார். நந்தனார் சரித்திரத்தை அந்தக் காலத்து ஜனங்கள் கதாகாலட்சேபமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார்கள். அவர்களுக்குப் பழக்கமான அந்தப் பாணியையே கலைவாணர் எடுத்துக்கொண்டார். ஆனால் கதையை மாற்றிவிட்டார். நந்தன் கோயிலுக்குப் போக ஏங்கினான். கிந்தனோ பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்கினான். சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட அந்தப் பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாகத் திரும்பி வந்தான். இதையே நேருக்கு நேர் புத்திமதியாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ஜனங்கள் நிற்கும் படியிலே தாமும் போய் நின்று, கையைப் பிடித்து அடுத்த படிக்கு ஏற்றிவிட்டார் அவர். நிற்கும் படி எதுவென்று தெரியாதவர் எப்படி ஏற்றிவிட முடியும்?

சோதனையும் வந்தது. 1944 டிசம்பரில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு கிருஷ்ணனும் கைதானார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அந்த வழக்கில் 1947ல்தான் இருவருக்கும் விடுதலை கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் சிறைவாசம்! வெளியே வந்த பாகவதரின் 'ராஜமுக்தி' 1948ல் எடுபடவில்லை. அவ்வளவு பெரிய பாட்டுக்காரருக்கே அந்தக் கதி. கலைவாணரையோ ஜனங்கள் மறுபடியும் ஏற்றுக்கொண்டார்கள். 1948ல் 'சந்திரலேகா', மறு வருஷம் 'நல்லதம்பி', 1951ல் அவரே இயக்கிய 'மணமகள்', 1952ல் 'பணம்' என்று படங்கள் தொடர்ந்தன. தங்களைப் புரிந்துகொண்டவரை ஜனங்கள் லேசில் கைவிடுவதில்லை.

சம்பாதித்ததை வாரிக் கொடுத்தவர் அவர். 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள், 49 வயது நிறையும் முன்பே மறைந்தார். சென்னையில் அவருக்கு 1969ல் அண்ணா சிலை திறந்துவைத்தார். அவர் பெயரால் கலைவாணர் அரங்கமும் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே! நாளைக்கு நீங்கள் பாடகராகலாம், பேச்சாளராகலாம், ஆசிரியராகவும் ஆகலாம். மேடை ஏறியதும் முதலில் எதிரே இருக்கும் முகங்களைப் பாருங்கள். கடைசி வரிசையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பாட்டிக்கு உங்கள் குரல் எட்டுகிறதா? கொட்டாவி விடுகிறவர் மேல் கோபப்படாதீர்கள். எந்த இடத்தில் விட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் முதல் விமர்சனம் அதுதான். சும்மா சொல்லவில்லை, சோடா விற்ற ஒரு பையன் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.