அந்தத் தீபாவளிக்கு அவர் இல்லை

1930 ஏப்ரல் 13-ல் பட்டுக்கோட்டை அருகே செங்கப்படுத்தான்காடு கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கல்யாணசுந்தரம். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. உப்பளத்தில் உழைத்தார், இட்லி விற்றார், தண்ணீர் வண்டி ஓட்டினார். பாரதிதாசனிடம் தமிழ் பயின்று சினிமாவுக்கு வந்தார்.

1959 ஏப்ரலில் ஸ்ரீதரின் ‘கல்யாண பரிசு’ வெளிவந்தது. கதாநாயகி நம் பெங்களூர் சரோஜாதேவி. அதில் ஒரே தீபாவளிப் பாட்டை இரண்டு விதமாக எழுதினார் பட்டுக்கோட்டையார். பி. சுசீலா குரலில் அது காதலின் குதூகலம், ஏ.எம். ராஜா குரலில் கைவிட்டுப்போன காதலின் ஏக்கம்.

படம் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் அவ்வாண்டு தீபாவளிக்குச் சில வாரங்களே இருக்க, அக்டோபர் 8-ல் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுக் கவிஞர் காலமானார். வயது 29.

லீவு கிடைக்காமல் இங்கேயே பண்டிகை கழிப்பவர்களுக்கு அந்த இரண்டாவது பாட்டின் அருமை தெரியும்.