நூற்பேழைக்குள் ஒரு பல்துறைப் புலவர்

ஒல்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் 1583-இல் பிறந்த ஹியூகோ குரோஷியஸைப் பன்னாட்டுச் சட்டத்தின் தந்தை என்பர். அவர் இலத்தீன்மொழிக் கவிஞர் என்பதைச் சட்டவியலார் பலர் நினைப்பதில்லை. பதினோராம் அகவையில் லெய்டன் பல்கலைக்கழகம் புகுந்து தொல்லிலக்கியங்களில் தோய்ந்தார். ஆதாமின் வீழ்ச்சியைப் பாடும் நாடகத்தை 1601-இல் வெளியிட்டார். வழக்கறிஞரான பின்னரும் யாப்பைக் கைவிட்டாரல்லர்.

சிங்கப்பூர் அருகே 1603-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியக் கப்பலொன்றைக் கைப்பற்றினர். அச்செயலுக்கு நியாயம் காட்டுமாறு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி இவரை நாடியது. அதற்கென எழுதிய பெருநூலின் ஓர் இயலே 1609-இல் 'கட்டற்ற கடல்' என வெளிவந்தது. கடல் எவர்க்கும் தனியுடைமையாகாது. ஜாவா, இலங்கை முதலியவற்றுக்குத் தமக்கென அரசரும் சட்டங்களும் உண்மையின் போர்த்துக்கீசியர் அவற்றுக்கு உரிமை கோரலாகாது என வாதிட்டார். கும்பினியின் நலனுக்காக எழுந்த வாதமே இது, மறைப்பதற்கில்லை. 1613-இல் லண்டனில் அதே கும்பினியின் தனியுரிமைக்காக அவர் பரிந்து பேசியபோது, ஆங்கிலேயர் அந்நூலையே அவர்முன் எடுத்துக்காட்டினர்!

சமயப் பூசல் அரசியலோடு பின்னியதால் 1619-இல் ஆயுட்சிறை வாய்த்தது. லூவெஸ்டைன் கோட்டைக்குப் பேழையில் நூல்கள் வரும், போகும். காவலர் நாளடைவில் திறந்து பார்ப்பதை விட்டனர். 1621-இல் மனைவி மரியா கணவரை அப்பேழைக்குள் வைத்து அனுப்பிவிட்டுத் தாம் கோட்டையிலேயே தங்கினார். பணிப்பெண்ணொருத்தி பேழையுடன் துணை சென்றாள்.

பாரிஸில் 1625-இல் 'போர், அமைதி பற்றிய சட்டம்' வெளிவந்தது. ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் மூண்டிருந்த காலம் அது. நூலெங்கும் ஹோமர், வர்ஜில், யூரிப்பிடீஸ், சிசரோ, விவிலியம், உரோமச் சட்டம் ஆகியவற்றின் மேற்கோள்கள். புலமைப் பகட்டு எனப் பின்னோர் சிலர் பழித்தனர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. அரசர்கட்கு மேல் மன்றமில்லை; அனைவரையும் பிணிக்கும் ஏடுமில்லை. ஒரு நாட்டின் சட்டம் மட்டுமே கற்றவர் அங்கே வாயடைத்து நிற்பார். வெவ்வேறு காலத்தவரும் இடத்தவரும் ஒன்றையே மெய்யெனக் கூறின், அதற்குப் பொதுக்காரணம் இருத்தல் வேண்டும் என்பது குரோஷியஸின் துணிபு. சரணடைந்தோரைக் கொல்லலாகாது என்பதற்குச் சட்டவறிஞரோடு வரலாற்றாசிரியரும் கவிஞரும் அங்கே சான்றாயினர். கவிதைச் சான்று பெரும்பாலும் அணியாகவே நிற்கும் என்பதையும் அவரே ஒப்பினார்.

பின்னர்ப் பாரிஸில் சுவீடனின் தூதரானார். அப்பணியில் பெரும்புகழ் எய்தவில்லை. 1645-இல் பால்டிக் கடலில் கப்பல் சிதையக் கரையேறி, நோயுற்று, ராஸ்டாக் நகரில் மறைந்தார். கிரேக்கத் தனிப்பாடல் திரட்டொன்றை அவர் இலத்தீன் செய்யுளாக்கி வைத்திருந்தார். அது அச்சேறத் தொடங்கியது 1795-இல்தான்.