கடல் இல்லாத ஊரின் மெம்பர்

சரக்குக் கப்பலைப் பார்த்திருக்கிறீர்களா? தூத்துக்குடிக்கோ சென்னைத் துறைமுகத்துக்கோ போனால், கப்பலின் நடுப்பக்கத்தைக் கவனியுங்கள். ஒரு வட்டம் இருக்கும். அதன் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் சில சின்னக் கோடுகள். கோடைக்கு ஓர் அளவு, குளிர்காலத்துக்கு ஓர் அளவு. சரக்கு ஏற ஏறக் கப்பல் தாழும். உரிய கோட்டைத் தண்ணீர் தொட்டுவிட்டால், அதற்கு மேல் ஒரு மூட்டை கூட ஏற்றக்கூடாது.

இதற்குப் பிளிம்சால் கோடு என்று பெயர். பிளிம்சால் மாலுமி அல்ல. கப்பல் முதலாளியும் அல்ல. கடற்கரையே இல்லாத ஓர் ஊரின் பார்லிமெண்டு மெம்பர்.

சாமுவேல் பிளிம்சால் 1824-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். பீர் ஆலையில் குமாஸ்தாவாக இருந்து மானேஜர் ஆனார். 1853-ல் லண்டனுக்குப் போய் நிலக்கரி வியாபாரம் தொடங்கினார். கைமுதல் அத்தனையும் போயிற்று. ஏழைகள் தங்கும் மலிவான விடுதியில், வாரத்துக்கு எட்டு ஷில்லிங்குக்கும் குறைவான பணத்தில் காலம் தள்ளினார். இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதை அங்கேதான் கண்டார். பிறகு அதே நிலக்கரியில் பணம் சேர்த்தார். ஆனால் அந்த விடுதியை அவர் மறக்கவில்லை.

1865-ல் டெர்பி தொகுதியில் நின்று தோற்றார். 1868-ல் வென்றார். டெர்பி உள்நாட்டு ஊர். ரெயில் பட்டறைகள் நிறைந்த ஊர்.

சவப்பெட்டிக் கப்பல்கள்

அந்தக் காலத்தில் சில முதலாளிகள் ஓட்டைக் கப்பலை வாங்கி, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி, பெரிய தொகைக்கு இன்சூரன்சு செய்து கடலுக்கு அனுப்புவார்கள். கரை சேர்ந்தால் லாபம். மூழ்கினால் இன்சூரன்சுப் பணம். செத்தவன் மாலுமி, அழுதவள் அவன் பெண்டாட்டி. வேலைக்குக் கையெழுத்துப் போட்டபின், கப்பலைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்தால் ஜெயில்!

எல்லா முதலாளியும் அப்படி அல்ல. பாரத்துக்கு அளவுக்கோடு வேண்டும் என்று முன்பே வாதாடியவர் ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளிதான். பிளிம்சால் அந்த யோசனையைக் கையில் எடுத்தார். 1873-ல் மாலுமிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். நாடே பதறியது. அவர்மீது மானநஷ்ட வழக்குகளும் வந்தன. 1874 தேர்தலில் டெர்பி மக்கள் அவரையே மறுபடி அனுப்பினார்கள். நம் ஊருக்குக் கடல் ஏது என்று அவரைக் கைவிடவில்லை. கூலிக்காக உயிரைப் பணயம் வைப்பது என்னவென்று பட்டறைத் தொழிலாளிக்குத் தெரியாதா?

சபையில் புயல்

1875 ஜூலை 22. கப்பல் மசோதாவைக் கைவிடுவதாகப் பிரதம மந்திரி டிஸ்ரேலி அறிவித்தார். குத்தகை நிலம் பற்றிய மசோதாவுக்கு நேரம் வேண்டுமாம்! பிளிம்சால் கொதித்து எழுந்தார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் வில்லன்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள் என்று கத்தினார். முஷ்டியை ஆட்டினார். சபாநாயகர் அவரை வெளியேறச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து வந்து, கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டார். சொன்ன விஷயத்தை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. அதற்குள் ஊருக்கு ஊர் கூட்டம், கண்டனம். அரசாங்கம் பணிந்தது. அவசரமாக ஒரு தற்காலிகச் சட்டம் போட்டது. 1876-ல் முழுச் சட்டம் வந்தது.

அதிலும் ஓர் ஓட்டை. கோடு போட வேண்டும். எங்கே போடுவது என்பது முதலாளியின் இஷ்டம்! ஒரு காப்டன் புகைபோக்கியிலேயே கோடு போட்டார் என்று கதை உண்டு. கோட்டின் இடத்தைச் சட்டம் நிர்ணயிக்க 1890 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போது பிளிம்சால் சபையில் இல்லை. 1880-ல் டெர்பி மக்கள் மூன்றாம் முறையும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்துறை மந்திரி ஹார்கோர்ட் அந்தச் சமயம் வேறு தொகுதியில் தோற்றுப்போனார். மந்திரியாக இருப்பவர் மாலுமிகளுக்குத் தம்மைவிட அதிகம் செய்வார் என்று நம்பி, பிளிம்சால் தம் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. அது தப்புக் கணக்கு என்றே சொல்ல வேண்டும்.

1898-ல் ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் அவர் காலமானார். 1929-ல் லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. செலவை ஏற்று அதை வைத்தது மாலுமிகளின் சங்கம்.