430 என்று விளம்பரம், 500-க்கு மேல் நிஜம்: கார்வெட்டின் ‘தந்தை’ ஸோரா டன்டோவின் ஹார்ஸ்பவர் கதை

அமெரிக்கா, 1967. செவர்லே நிறுவனத்தின் கார்வெட் காருக்கு எந்த இன்ஜின் வேண்டும் என்று விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்காது. 427 கன அங்குல அளவில் எல்71 என்ற இன்ஜின் 435 ஹார்ஸ்பவர். அதே அளவில் எல்88 என்ற இன்ஜின் 430 ஹார்ஸ்பவர்தான். ஆனால் எல்88-க்கான கூடுதல் கட்டணம், எல்71-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு ரேடியோ கிடையாது, ஹீட்டரும் கிடையாது.

பவர் கம்மி, வசதி கம்மி, விலை மட்டும் அதிகம். இதை யார் வாங்குவார்கள்? சாதாரண ஆட்கள் யாரும் வாங்கக் கூடாது என்பதுதான் திட்டமே. அந்த 430-க்குப் பின்னால் இருந்த இன்ஜினின் உண்மையான சக்தி 500-க்கு மேல், சுமார் 550 வரை என்று பின்னாளில் மதிப்பிடப்பட்டது. இந்தக் கதையின் மையத்தில் இருப்பவர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ்.

யார் இந்த டன்டோவ்?

1909 டிசம்பர் 25 அன்று பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயது ரஷ்யாவில் கழிந்தது. பிறகு பெர்லினில் பொறியியல் படித்து 1934-ல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் வெடித்தபோது பிரான்சில் இருந்தார். தம்பி யூராவுடன் பிரெஞ்சு விமானப் படையில் சேர்ந்தார். பிரான்ஸ் ஹிட்லரிடம் சரணடைந்ததும், மனைவி எல்ஃபியோடும் குடும்பத்தோடும் போர்ச்சுகல் வழியாக நியூயார்க் தப்பிச் சென்றார்.

அங்கே அண்ணன் தம்பி இருவரும் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ஆர்டன். ஃபோர்டின் பழைய வி8 இன்ஜினுக்கு அலுமினிய சிலிண்டர் ஹெட் செய்து, அதன் சக்தியைக் கூட்டினார்கள்.

1953 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சியில் முதல் கார்வெட்டைப் பார்த்தார் டன்டோவ். அழகில் மயங்கினார், இன்ஜினில் ஏமாந்தார். நேராக செவர்லேவுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு அங்கேயே வேலையும் கிடைத்தது. அப்போது வயது 43.

பேச்சோடு நிற்கிற ஆள் இல்லை அவர். 1954, 1955 என இரண்டு முறை லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே ஓட்டி, தன் பிரிவில் வென்றார். 1957-ல் கார்வெட்டுக்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 283 கன அங்குல இன்ஜினில் 283 ஹார்ஸ்பவர் என்று செவர்லே பெருமையாக விளம்பரம் செய்தது. அப்போது பெரிய எண் காட்டினால்தான் கார் விற்கும்.

எண்ணை ஏன் குறைத்துச் சொன்னார்கள்?

1963-ல் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், தன் பிரிவுகள் எதுவும் ரேஸில் ஈடுபடக் கூடாது என்று உத்தரவு போட்டது. டன்டோவ் 125 கார்கள் செய்யத் திட்டமிட்ட ‘கிராண்ட் ஸ்போர்ட்’ ரேஸ் கார், ஐந்தோடு நின்றுபோனது.

அதற்குப் பிறகு வந்ததுதான் எல்88. கம்பெனி ரேஸுக்குப் போகாது. ஆனால் விலைப்பட்டியலில் உள்ள இன்ஜினை வாடிக்கையாளர் வாங்கி ரேஸ் ஓட்டினால் யார் தடுக்க முடியும்?

இங்கேதான் சிக்கல். எல்88-ன் கம்ப்ரஷன் விகிதம் 12.5:1. அதற்கு 103 ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். சாதாரண பெட்ரோல் ஊற்றினால் இன்ஜினே நாசமாகிவிடும். காருக்குள்ளேயே இதற்கு எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். பெரிய எண்ணைப் பார்த்து ஆசைப்பட்டு, தினமும் ஓட்ட யாராவது இதை வாங்கிவிடக் கூடாது. அதனால்தான் எல்71-ஐவிட 5 குறைத்து 430 என்று போட்டார்கள் என்பது கார் உலகில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. ஹார்ஸ்பவர் என்பது இன்ஜின் சுழலும் வேகத்தோடு மாறும். 6,000 ஆர்பிஎம் தாண்டியும் சக்தி கூடிக்கொண்டே போகும் இன்ஜினுக்கு, அதற்குக் கீழே ஒரு வேகத்தில் கிடைக்கும் எண்ணை எடுத்துப் போட்டால் போதும். எண் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

1967 லீ மான்ஸில் எல்88 கார்வெட் ஒன்று மணிக்கு 270 கி.மீ.-க்கு மேல் பறந்தது. இன்ஜின் பழுதாகிப் பந்தயத்தை முடிக்கவில்லை என்றாலும், அந்த 430-ஐ அதன் பிறகு யாரும் நம்பவில்லை. 1967 முதல் 1969 வரை விற்ற எல்88 கார்வெட்கள் மொத்தமே 216.

ஒரே இன்ஜின், இரண்டு எண்கள்

எல்லா எண்களும் குறைத்துச் சொல்லப்பட்டவை என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து மஸில் கார் விளம்பரங்களில் வந்தது ‘கிராஸ்’ ஹார்ஸ்பவர். அதாவது இன்ஜினைத் தனியாகக் கழற்றி சோதனை மேடையில் வைத்து, ஏர் ஃபில்டர், சைலன்சர், ஃபேன், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்தது. காரில் பொருத்திய நிலையைப் போல எல்லாவற்றையும் மாட்டி அளந்தால் வருவது ‘நெட்’. இது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

கார்வெட்டின் எல்டி-1 இன்ஜினே இதற்கு உதாரணம். 1970-ல் அது 370 கிராஸ். 1971-ல் ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக கம்ப்ரஷனை 11-லிருந்து 9-ஆகக் குறைத்ததும் 330 ஆனது. இந்த 40, நிஜமான இழப்பு. ஆனால் அதே 1971-ல் நிறுவனம் நெட் கணக்கையும் வெளியிட்டது: 275. இந்த 55 எங்கேயும் போகவில்லை; அளந்த விதம்தான் மாறியது. 1972 முதல் நெட் எண் மட்டுமே வந்தது. இரண்டு சரிவையும் சேர்த்துப் பார்த்த பலர், இன்ஜின் ஒரேயடியாக செத்துவிட்டது என்று நினைத்தார்கள்.

கடைசி வரை கார்வெட்

65 வயது முடிந்து, 1975 ஜனவரியில் டன்டோவ் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு கார்வெட்டின் அடிப்படை இன்ஜின் வெறும் 165 நெட் ஹார்ஸ்பவர். இன்ஜினை நடுவில் வைத்த கார்வெட் வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் போராடியும், அவர் காலத்தில் அது விற்பனைக்கு வரவே இல்லை. 1996 ஏப்ரல் 21 அன்று டெட்ராய்ட்டில் காலமானார். அவரது அஸ்தி கென்டக்கியில் உள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழைய மஸில் கார் ஒன்றின் ஹார்ஸ்பவரை எங்காவது பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கிராஸா, நெட்டா? எந்த ஆர்பிஎம்மில்? அந்த எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ கம்பெனிக்கு என்ன தேவை இருந்தது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் 1969 காரையும் இன்றைய காரையும் ஒப்பிட்டால், கணக்கு நிச்சயம் தப்பும்.