நைட்டிங்கேல் அம்மையாரும் வைத்தியசாலைக் கணக்கும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் உள்ளத்தில் தோன்றுவது, நள்ளிரவில் கையில் விளக்கேந்தி, காயமுற்ற வீரர் கிடக்கும் கட்டில்களினூடே நடந்து செல்லும் ஒரு மங்கையின் உருவமே யாகும். அவ்வுருவம் பொய்யன்று. ஆயினும் அவ்விளக்கின் ஒளியிலேயே அம்மையாரின் பிறிதொரு பெருஞ்செயல் மறைந்து கிடக்கின்றது என்பது நம் கருத்து. ஒரு வைத்தியசாலை நோயாளர்க்கு நன்மை செய்கின்றதோ, தீமை செய்கின்றதோ என்பதை எங்ஙனம் அறிவது? இவ்வினாவையே தம் வாழ்நாள் வினாவாகக் கொண்டவர் அவர். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பமொன்றில் பிறந்து அந்நகரின் பெயரையே தம் பெயராகப் பெற்றார். தந்தையார் தாமே ஆசிரியராயிருந்து மகளிர் இருவர்க்கும் பிறமொழிகளையும் வரலாற்றையும் கற்பித்தார். இளமை முதலே கணக்கில் இவருக்குப் பற்று மிகுதி. நோயாளர்க்குத் தொண்டு செய்ய விழைந்த காலத்து வீட்டார் பெரிதும் தடுத்தனர். அந்நாளில் தாதித் தொழில் நற்குடிப் பெண்டிர்க்கு ஏலாத இழிதொழிலாகக் கருதப்பட்டமையே காரணம். பல்லாண்டு பொறுத்திருந்து, 1851-ல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னுமிடத்துச் சில மாதம் பயின்றார். 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் சிறியதொரு வைத்தியசாலைக்குத் தலைவியானார். தாதியர் பொழுதெல்லாம் படியேறி இறங்குவதிலேயே கழிதலை அங்குக் கண்டு, மாடிதோறும் வெந்நீர்க் குழாயும், உணவை மேலேற்றும் பொறியும், நோயாளர் அழைத்தற்கு மணியும் அமைக்கச் செய்தார். செலவைச் சுருக்குதலும் நோயாளர்க்கு நலம் செய்தலும் ஒன்றோடொன்று மாறுபடுவன அல்ல என்பதை அவர் அச்சிறு வீட்டிலேயே கற்றார் போலும்.

கிரிமியப் போர் மூண்டது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் வேண்டிக்கொள்ள, 38 தாதியரோடு புறப்பட்டு, 1854 நவம்பர் 4-ந் தேதி துருக்கி நாட்டு ஸ்கூட்டாரியை அடைந்தார். ஆங்கே படைவீடொன்றே வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. மருந்துக்கு ஒரு துறை, உணவுக்கு ஒரு துறை, உடைக்கு ஒரு துறை; ஒன்று செய்வதை மற்றொன்று அறியாது. சரக்கறையில் பொருள் குவிந்து கிடக்கவும், உரிய குழுவினர் கூடி ஆணையிடாமையால் வீரர் குளிரில் நடுங்கினர். அம்மையார் பொதுமக்கள் உதவிய பணங்கொண்டு வேண்டுவன வாங்கினார். சமையலறையும் சலவைச்சாலையும் அமைத்தார். இரவில் விளக்கும் ஏந்தினார். அவ்வளவு செய்தும் வீரர் மாள்வது நின்றபாடில்லை. அக்குளிர்காலத்தில் அங்கு மாண்டோர் நாலாயிரவர்க்கும் மேற்பட்டோர். 1855 பிப்ரவரியில் இறப்பு வீதம் நூற்றுக்கு 42 என உயர்ந்தது.

மார்ச்சு மாதத்தில் ஆங்கில அரசியலார் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் வந்து சேர்ந்தனர். அக்கட்டடம் அடைபட்ட சாக்கடைகளின் மீதே நின்றது. குடிநீர்க் காலிலோ இறந்த குதிரை கிடந்தது. அவர்கள் சாக்கடைகளைக் கழுவினர்; நீரைத் தூய்மை செய்தனர்; காற்று உலவ வழி திறந்தனர். ஜூன் மாதத்திற்குள் இறப்பு வீதம் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது.

1856-ல் நாடு திரும்பிய அம்மையாரை உலகம் போற்றியது. அவரோ விழாக்களை வெறுத்து, வில்லியம் பார் என்னும் கணக்கறிஞரைத் துணைக்கொண்டு இறப்புப் பதிவேடுகளை ஆராயத் தொடங்கினார். வீரர் மாண்டதற்குப் பசியும் குளிரும் மிகையுழைப்புமே பெருங்காரணம் என முன்னர் அவர் எண்ணியிருந்தார் என்றும், தாம் பணிபுரிந்த இல்லமே அவர்களைக் கொன்றது எனக் கணக்கு காட்டியபோது மனமுடைந்தார் என்றும் ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர். வேறு சிலர் அதனை மறுப்பர். அது எவ்வாறாயினும், ஸ்கூட்டாரியின் கேட்டினை அவர் மறைத்தாரல்லர் என்பது உறுதி. 1858-ல் தாம் அச்சிட்ட பேரறிக்கையில் அதனை விரித்தே எழுதினார். எண்களைக் கண்டு அஞ்சுவோரும் உணருமாறு, வட்டத்தைத் திங்கள்தோறும் ஒரு கூறாகப் பகுத்து, தடுக்கத்தக்க நோயால் மாண்டோரை நீலத்தாலும், காயத்தால் மாண்டோரைச் செந்நிறத்தாலும், பிறவற்றால் மாண்டோரைக் கருமையாலும் காட்டினார். நீலம் பரந்து கிடக்க, செந்நிறம் ஒரு சிறு கீற்றாய் நின்றது. பகைவர் குண்டினும் கொடியது எது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? அவ்வாண்டிலேயே லண்டன் புள்ளிவிவரக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அப்பேறு பெற்ற முதற் பெண்மணி அவரே.

நிற்க. போர்க்கள வைத்தியசாலைக்கு இவ்வாறாயின், ஊரிலுள்ளவற்றின் நிலை யாது? ஒவ்வொரு சாலையும் தனக்குத் தோன்றியவாறு நோய்க்குப் பெயரிட்டுக் கணக்கெழுதியமையால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட இயலாதிருந்தது. எல்லாச் சாலைகட்கும் பொதுவான படிவம் ஒன்றை அம்மையார் வகுத்தார். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தோர், புதிதாய் வந்தோர், குணமடைந்தோர், இறந்தோர், எத்துணை நாள் தங்கினர் என்பனவெல்லாம் அதில் பதியப்படும். அறம் செய்வோர் கொடுத்த பொருள் என்ன பயன் விளைத்தது என்பது அப்போதன்றோ தெரியும்! 1860-ல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளிவிவர மாநாடு இத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அது நெடுநாள் நிலைக்கவில்லை. படிவம் நிரப்புதல் வைத்தியசாலைகட்குப் பெருஞ்சுமையாயிற்று.

இங்கு ஒரு பிழையையும் சொல்லாது விடின் நாம் நடுநிலை தவறியவராவோம். 1863-ல் வெளிவந்த தம் நூற்பதிப்பில், பார் கணித்த எண்ணைக்கொண்டு, லண்டனிலுள்ள 24 பெரிய வைத்தியசாலைகளில் இறப்பு நூற்றுக்கு 90.84 எனக் காட்டினார். ஓராண்டில் இறந்தோர் தொகையை, ஒரு நாளில் கட்டிலிற் கிடந்தோர் தொகையால் வகுத்ததன் விளைவு இது. நூறு கட்டிலுடைய சாலைக்கு ஆண்டில் ஆயிரவர் வந்து, அவருள் தொண்ணூற்றுவர் இறப்பின், உண்மையில் இறந்தோர் நூற்றுக்கு ஒன்பதின்மரே யன்றித் தொண்ணூற்றுவர் அல்லர். மருத்துவர் பலர் சினந்தெழுந்தனர், அச்சினம் நியாயமானதே. அளவுகோல் பிழைத்தால் நல்ல துணியும் குறையெனவே தோன்றும்.

எனினும் அவருடைய நேர்மைக்கு நாம் வியந்து நிற்கும் இடம் வேறொன்று. மருத்துவச்சியரைப் பயிற்றும்பொருட்டு, லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் பிள்ளைப்பேற்றுப் பகுதியொன்றை 1862-ல் தம் பெயரால் திரண்ட நிதியைக்கொண்டே அவர் நிறுவினார். ஆங்கே பிரசவக் காய்ச்சலால் தாய்மார் மாள்வதாகக் கணக்கு காட்டியது. அதனை மழுப்பவில்லை, மூடி வைக்கவுமில்லை. 1867-ல் அப்பகுதியையே மூடுவித்தார். பின் பல நாட்டுக் கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்து, எளியவர் தம் வீட்டிற் பெறுவதினும் வைத்தியசாலையிற் பெறுவதே பன்மடங்கு கேடுடையதாயிருந்ததை 1871-ல் நூலாக எழுதி வெளியிட்டார். வீட்டில் ஆயிரவருக்கு ஏறத்தாழ ஐவரே இறந்தனர். தாம் கட்டியதைத் தம் கையாலேயே மூடுதல் எளிதோ?

1860-ல் செயின்ட் தாமஸ் வைத்தியசாலையில் அவர் தொடங்கிய தாதியர் பள்ளியை யாவரும் அறிவர். நம் நாட்டிற்கு ஒருநாளும் வந்திலராயினும், இந்தியாவில் ஆங்கிலப் படையினர் ஆண்டுக்கு ஆயிரவருக்கு 69 பேர் வீதம் மாண்டதை ஆராய்ந்த அரச குழுவின் 1863-ம் ஆண்டு அறிக்கைக்கு உயிராயிருந்தவர் அவரே. இவற்றிற் பெரும்பகுதியை நோயுற்றுப் படுக்கையிலிருந்தே செய்தார். இறுதியாண்டுகளில் கண்ணொளியும் குன்றியது. 1910 ஆகஸ்டு 13-ந் தேதி, தமது தொண்ணூறாம் அகவையில் இயற்கை எய்தினார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசியலார் முன்வந்தும் உறவினர் இசைந்திலர். ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூர்க் கோயில் முற்றத்திலுள்ள அவரது கல்லில், பெயரின் முதலெழுத்து இரண்டும் பிறப்பு இறப்புக் காலங்களுமே பொறிக்கப்பட்டுள்ளன.