வைத்தியர் வில்லியம் விதெரிங்

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் ஆங்கில நாட்டு வைத்தியர் ஒருவருடைய சரித்திரத்தை எழுதப் புகுதல் பொருந்துமோ என நண்பர் சிலர் ஐயுறலாம். நோயுற்றவன் நிலையையும், நோயின் அளவையும், காலத்தையும் ஆராய்ந்தே வைத்தியன் தன் தொழிலைச் செய்தல் வேண்டுமென்று திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் விதித்துள்ளார். அக்குறளை ஒருபோதும் கேட்டறியாத ஒருவர், அதன் பொருளைப் பத்தாண்டு காலம் தம் செயலிற் கடைப்பிடித்து நின்றார். அவரே வில்லியம் விதெரிங் என்பார். உயிரைப் போக்கும் நஞ்சாகிய ஓர் இலையை உயிர் காக்கும் மருந்தாக்கிய அப்பெரியாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதெரிங் 1741-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள், இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியைச் சார்ந்த வெலிங்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மருந்து கூட்டிக் கொடுத்தலையும் வைத்தியத்தையும் தொழிலாகக் கொண்டவர். மைந்தரும் அத்துறையிலே புகுந்து, 1762-ஆம் ஆண்டு எடின்பரோ சர்வகலாசாலையைச் சேர்ந்து, 1766-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அவருக்குச் சிறிதும் சுவையளிக்காத பாடம் தாவரநூல் ஒன்றே. அப்பாடத்தில் முதன்மை பெறுவார்க்குப் பேராசிரியர் பொற்பதக்கம் வழங்குவதாகக் கூறியும், அது தம் மனத்தைக் கவரவில்லை என்று அவர் பெற்றோர்க்கு எழுதினார்.

ஆயினும், வெறுத்த கல்வியே பின்னர் அவரைத் தேடி வந்தது. ஸ்டாபோர்டு நகரில் வைத்தியம் செய்து வருங்கால், ஹெலினா குக்ஸ் என்னும் நங்கை அவரிடம் சிகிச்சை பெற்றார். அந்நங்கை மலர்களை ஓவியமாக வரைவதில் விருப்பமுடையவர். அவர் வரைதற்பொருட்டு விதெரிங் காடும் வயலும் அலைந்து செடிகளைக் கொணரலாயினார். 1772-இல் இருவர்க்கும் மணம் நிகழ்ந்தது. செடிகள்மீது தோன்றிய பற்றோ நாளுக்கு நாள் வளர்ந்து, 1776-இல் பிரிட்டானியத் தாவரங்கள் அனைத்தையும் வகைப்படுத்திக் கூறும் பெருநூலொன்றை அவர் வெளியிடும் அளவிற்கு முதிர்ந்தது.

1775-ஆம் ஆண்டு, எராஸ்மஸ் டார்வின் என்னும் புகழ்பெற்ற வைத்தியரின் தூண்டுதலால் விதெரிங் பர்மிங்காம் நகரிற் குடியேறினார். பிற்காலத்தில் உயிர்களின் தோற்றத்தைப் பற்றி எழுதிய சார்லஸ் டார்வினுக்கு இவ்வெராஸ்மஸ் பாட்டனாராவர். புதிய ஊரில் விதெரிங்கிற்குச் செல்வம் பெருகியது. எனினும், நாள்தோறும் ஒரு மணி நேரத்தை ஏழை நோயாளிகட்கென ஒதுக்கி, அவர்க்கு ஊதியமின்றி மருத்துவம் புரிந்தார். அவ்வாறு வந்தோர் ஆண்டொன்றுக்கு 2,000-க்கும் 3,000-க்கும் இடைப்பட்ட தொகையினர்.

அவருட் பலர் நீர்க்கோவை வியாதியால் வருந்தினர். லூக்கா சுவிசேஷத்திலும் பெயர் கூறப்படும் இந்நோய் உற்றவர்க்குக் கால்கள் வீங்கும், வயிறு பருக்கும், படுத்தால் மூச்சுத் திணறும், சிறுநீர் குன்றும். அக்கால வைத்தியர் பலவாறு முயன்றும் இந்நோய் பெரும்பாலும் அவர்க்கு அடங்கவில்லை.

1775-இல் ஒரு நாள், அந்நோய்க்கு ஒரு குடும்பத்தார் கையாண்டு வந்த மருந்து முறையொன்றைப் பற்றி விதெரிங்கின் கருத்துக் கேட்கப்பட்டது. ஷ்ராப்ஷயரில் வாழ்ந்த மூதாட்டி ஒருத்தி அதனை நெடுங்காலம் இரகசியமாகப் போற்றி வைத்திருந்தாள் என்றும், பெரிய வைத்தியர் கைவிட்டவரையும் சில வேளைகளில் அவள் எழுப்பிவிட்டாள் என்றும் அவர் கேள்வியுற்றார். அம்மூதாட்டியின் பெயரை அவர் யாண்டும் எழுதினாரல்லர்; இக்காலத்துச் சில நூல்களிற் காணப்படும் பெயர் பிற்காலத்தார் கற்பித்ததாகும். அம்மருந்தில் 20 அல்லது அதற்கும் மேற்பட்ட பச்சிலைகள் சேர்ந்திருந்தன. செடிகளை நன்கறிந்த விதெரிங்கிற்கு அவற்றுள் நோயை நீக்குவது எது என உணர்தல் அரிதாயில்லை. நரியின் கையுறை எனப் பொருள்படும் பாக்ஸ்குளோவ் என்ற செடியே அது. விரலுறை போன்ற செந்நீலப் பூக்களை உடைமையால், இலத்தீன் மொழியில் அதற்கு டிஜிடாலிஸ் என்று பெயர்.

செடியைக் கண்டறிந்தது ஒரு நாளைய வேலை. அதன் அளவைக் கண்டறிந்ததோ பத்தாண்டு வேலை. மூதாட்டியின் மருந்து கடும் வாந்தியையும் பேதியையும் உண்டாக்கியது. குமட்டல் உண்டாகும்போதே சிறுநீர் நன்கு பெருகும் என விதெரிங் முதலில் எண்ணினார். ஆதலின், தம்மிடம் வந்த ஏழைகட்கு அதனை மிகுந்த அளவிற் கொடுத்தார். நிறுத்தவேண்டிய காலத்தில் நிறுத்தாமலும் தொடர்ந்தார். சிறுநீர் பெருகி வீக்கம் வடிந்தது. ஆயினும் நோயாளிகள் பெரிதும் துன்புற்றனர். இத்தவற்றை அவரே பின்னர் எழுதி உலகறியச் செய்தார்.

இவ்விடத்து நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புதுமருந்தின் முதல் இடரைத் தாங்கியவர் கூலி கொடுக்க இயலாத ஏழையரே. இந்நாளில் நோயாளியின் இசைவு பெறாது புதுமருந்தைச் சோதித்தல் குற்றமாகும். அந்நாளில் அத்தகைய விதி யாதுமில்லை. விதெரிங்கின் ஈகையையும் புகழ்ந்து, அவ்வேழையர் பட்ட துன்பத்தையும் மறவாதிருத்தலே நேர்மையாம்.

அவர் தம் பிழையினின்றும் கற்றார். இலையின் ஆற்றல் பருவத்திற்குப் பருவம் வேறுபடும் எனக் கண்டு, பூக்குங்காலத்துப் பறித்த இலையையே கொண்டார். இலையைக் காய்ச்சினால் வலிமை குறையக் கண்டு, உலர்த்திப் பொடி செய்தார். அப்பொடியில் 1 முதல் 3 கிரெயின் வரை நாளைக்கு இருமுறை கொடுத்தார். ஒரு கிரெயின் என்பது குன்றிமணி ஒன்றின் எடையில் ஏறக்குறையப் பாதியாகும். சிறுநீர் பெருகினாலும், குமட்டல் தோன்றினாலும், நாடி தளர்ந்தாலும், வயிறு கழிந்தாலும், இவற்றுள் எது முதலில் தோன்றினும் அக்கணமே மருந்தை நிறுத்துக என்பது அவர் வகுத்த விதி. அளவு மிகுந்தவர்க்குப் பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும் என்பதையும், நாடி நிமிடத்திற்கு 35 துடிப்பு வரை தாழும் என்பதையும், இறுதியில் மரணமும் நேரும் என்பதையும் அவர் குறித்துள்ளார். முகம் வெளுத்து, உதடு நீலம் பாரித்து, நாடி மெலிந்தும் இடைவிட்டும் துடிப்பவர்க்கே மருந்து நன்கு பயன்படும் என்பதும் அவர் கண்டறிந்ததே.

இதற்கிடையில் அம்மருந்தின் பெயர் நாடெங்கும் பரவியது. அளவறியாதார் கையில் அதனால் உயிர்ச்சேதம் நேருமோ என்றும், அப்பழியால் நல்ல மருந்து ஒன்று ஒதுக்கப்படுமோ என்றும் அவர் அஞ்சினார். ஆகவே, 1785-இல் பாக்ஸ்குளோவைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். தாம் மருந்து கொடுத்த 150-க்கும் மேற்பட்டோரின் வரலாறு அதில் ஆண்டு முறையில் அமைந்துள்ளது. குணமடைந்தவரை மட்டும் தெரிந்தெடுத்து எழுதியிருப்பின் மருந்தும் அவரும் மிக்க புகழ் பெற்றிருப்பர். அங்ஙனம் செய்தல் உண்மைக்கு மாறாகும் என்று கருதி, பயன்பட்டதும் படாததும், தகுதியறிந்து கொடுத்ததும் தகாதவர்க்குக் கொடுத்ததும் ஆகிய யாவற்றையும் அவர் எழுதினார். அந்நூலின் பெருமை இதனினும் வேறில்லை.

மருந்து எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அவர் முற்றும் அறிந்தாரல்லர். அது சிறுநீரைப் பெருக்குவது என்றே கொண்டார். எனினும், இருதயத்தின் இயக்கத்தின்மேல் அதற்கு வேறெம்மருந்துக்கும் இல்லாத ஆற்றல் உண்டு என்பதைக் குறிப்பிட்டுச் சென்றார். இருதயம் தளர்ந்தால் சிறுநீரகங்கட்குச் செல்லும் இரத்தம் குறையும். அதனால் உப்பும் நீரும் உடலிலே தங்கி வீக்கம் உண்டாகும். டிஜிடாலிஸ் இருதயத்திற்கு வலிமை தருதலால் நீர் வெளியேறுகின்றது. 1930-இல் இவ்வினத்துச் செடியொன்றினின்றும் டிகாக்ஸின் என்னும் மருந்துப் பொருள் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அது பெரும்பாலும் சிறுநீரகங்களின் வழியே உடலை விட்டு நீங்குவது. அவை பழுதுற்றவர்க்கு அது இரத்தத்திலே தேங்கி நஞ்சாகிவிடும். ஆதலாலேயே இக்கால வைத்தியர் சிறுநீரகங்களின் நிலையைச் சோதித்து அதன் அளவைக் குறைக்கின்றனர். இருதயமும் சிறுநீரகமும் ஒருங்கே தளர்ந்தவர்க்கு மருந்து கொடுத்தல் இன்றும் கத்திமுனையில் நடத்தல் போல்வதே. முதற்குறி கண்டவுடன் நிறுத்துக என்ற விதெரிங்கின் விதி எத்துணை நுட்பமானது என்பது இதனாற் புலனாகும்.

அவருடைய பிற்கால வாழ்வு இடர் நிறைந்தது. அழைத்து வந்த நண்பராகிய எராஸ்மஸ் டார்வினே, 1780-இல் விதெரிங்கின் பெயரைக் கூறாது அம்மருந்தைப் பற்றி எழுதி வெளியிட்டமையால் இருவர்க்கும் நட்பு முறிந்தது. 1791-ஆம் ஆண்டு ஜூலை மாதத்துப் பர்மிங்காம் கலகத்தில் அவருடைய எட்ஜ்பாஸ்டன் மாளிகையும் தாக்குதலுக்கு அஞ்சி நின்றது. நூல்களையும் செடித் தொகுப்புக்களையும் வண்டிகளில் ஏற்றி, வைக்கோலால் மூடி, வேறிடத்திற்கு அனுப்ப நேர்ந்தது. பலருடைய மூச்சுத் திணறலை நீக்கிய அவருக்கே சுவாச நோய் முதிர்ந்தது. குளிர்காலத்தைக் கழிக்க இருமுறை லிஸ்பன் நகர் சென்று மீண்டும் பயனின்றி, 1799-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6-ஆம் நாள் உயிர் நீத்தார். எட்ஜ்பாஸ்டன் தேவாலயத்தில் அமைந்த அவர் நினைவுக்கல்லில் பாக்ஸ்குளோவ் மலர் செதுக்கப்பட்டுள்ளது.

அவர் தொடங்கிய சோதனை அவருடன் முடியவில்லை. 1997-இல் 6,800 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. டிகாக்ஸின் மரணத்தொகையைக் குறைக்கவில்லை என்றும், மருத்துவமனைக்கு மீண்டும் மீண்டும் வர நேர்வதைக் குறைத்தது என்றும் அது காட்டியது. இருதயம் திடீரெனத் தளர்ந்து சிறுநீரகமும் குன்றியவர்க்கென ரோலோபிலின் என்னும் புதுமருந்தை 2,033 பேரிடம் சோதித்து, அது பயன்தரவில்லை என 2010-இல் அறிவித்தனர். பெருநம்பிக்கையோடு தொடங்கிய முயற்சி தோற்றதை மறையாது எழுதுதல் எளிதன்று. அவ்வழியை முன்னரே நடந்து காட்டியவர் விதெரிங்.

மாணவராகிய நமக்குத் தேர்வில் வென்றதைக் கூற நா எழும். தவறியதைக் கூற எழாது. தாம் தவறியதையும் வரிசையாக எழுதி வைத்த ஒருவருடைய ஏடு, இருநூறு ஆண்டுகள் கடந்தும் நோயாளிகளின் உயிரைக் காத்து வருகின்றது என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.