எட்டாத உயரத்தை விட்டுக் கொடுத்த குரல்

மேற்கத்திய இசை பயிலும் மாணவிகள் பலர் ‘ஹலோ, யங் லவர்ஸ்’ என்ற பாடலை அறிந்திருப்பார்கள். ‘தி கிங் அண்ட் ஐ’ இசை நாடகத்தில் ஆனா என்ற ஆசிரியை தனித்துப் பாடும் பாடல் அது. பெண்குரல்களில் ஆக உயர்ந்த வகையான சொப்ரானோ குரல் கொண்டவர்கள் பயிற்சிக்கும் குரல் தேர்வுக்கும் விரும்பி எடுத்துக்கொள்ளும் பாடல்களில் அதுவும் ஒன்று.

ஆனால், உச்ச ஸ்தாயியை எளிதாக எட்டிப் பிடிக்கும் பாடகி ஒருவரை மனத்தில் வைத்து அப்பாடல் எழுதப்படவில்லை. குரலின் வீச்சு குறைவு, பாடும்போது சுருதி இறங்கிவிடும் என்று பெயர் வாங்கிய ஒரு நடிகைக்காக எழுதப்பட்டது. அவர்தான் கெர்ட்ரூட் லாரன்ஸ்.

1898ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி லண்டனில் அவர் பிறந்தார். தந்தை டென்மார்க் வழிவந்த பாடகர். ஆனால் குடிப்பழக்கத்துக்கு அடிமையானவர். அதனால் மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாயார் அவரை விட்டுப் பிரிந்தார். வறுமையில் வளர்ந்த சிறுமி, பத்து வயதில் கிறிஸ்துமஸ் கால நாடகமொன்றில் குழந்தைகள் குழுவோடு ஆடிப் பாடி மேடை ஏறினார். இத்தாலியா கோன்டி என்ற ஆசிரியையிடம் நடிப்பும் நடனமும் பயின்றார். பின்னாளில் புகழ்பெற்ற நாடகாசிரியராக விளங்கிய நோயல் கவர்டும் அவரும் நண்பர்களானது சிறுவயதில் ஒன்றாக நடித்தபோதுதான்.

1924இல் ஒரு லண்டன் கலைக்குழுவுடன் நியூயார்க் சென்றார். ஈராண்டுகளில், கெர்ஷ்வின் சகோதரர்களின் ‘ஓ, கே!’ இசை நாடகத்தில் கதாநாயகியானார். 1930இல் கவர்டு எழுதிய ‘பிரைவேட் லைவ்ஸ்’ நாடகத்தில் அவருடனேயே நடித்துப் பெரும் பாராட்டைப் பெற்றார். பணத்தைக் கட்டிக் காக்க மட்டும் அவருக்குத் தெரியவில்லை. 1935இல் நொடித்துப்போனார். ஆனாலும் மேடையை விட்டு விலகவில்லை. 1941இல் ‘லேடி இன் தி டார்க்’ இசை நாடகத்தின் வழி பிராட்வே மேடையில் மீண்டும் உச்சத்தைத் தொட்டார்.

குரல் வளம் சிறிதாக இருந்தும் இத்தனை வெற்றி எப்படிக் கிடைத்தது? பாடலை அவர் ஒரு கதாபாத்திரத்தின் பேச்சாகவே பாடினார். எந்தச் சொல்லில் நிற்க வேண்டும், எதை மெல்லச் சொல்லி நகர வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. சுருதி சற்றே விலகினாலும், அரங்கில் இருந்தவர்களின் கண்கள் அவரை விட்டு விலகவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியபின் தமக்கேற்ற புதிய நாடகம் ஒன்றை அவர் தேடினார். அவருடைய வழக்கறிஞர் ஃபேனி ஹோல்ட்ஸ்மன் கண்டெடுத்தது, சயாம் அரசவையில் ஆசிரியையாக இருந்த ஆனா லியோனோவென்ஸ் பற்றி மார்கரெட் லேண்டன் எழுதி 1944இல் வெளிவந்த நூல். இந்த ஆனா நமது வட்டாரத்துக்கு அந்நியர் அல்லர். 1859இல் அவருடைய கணவர் பினாங்கில் இறந்தார். ஜார்ஜ் டவுனில் உள்ள பழைய புரோட்டஸ்டன்ட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் பிள்ளைகளை வளர்ப்பதற்காக ஆனா சிங்கப்பூரில் ஒரு சிறு பள்ளியை நடத்தினார். 1862இல் பேங்காக் சென்றார். சயாம் மன்னரைப் பற்றி அவர் எழுதியவற்றைத் தாய்லாந்து மக்கள் ஏற்கவில்லை. இந்தக் கதையை ஒட்டிய திரைப்படத்துக்கும் அங்கே தடை உண்டு. ‘ஹலோ, யங் லவர்ஸ்’ பாடலில் ஆனா நினைத்து உருகுவது, மறைந்துபோன அந்தக் கணவரைத்தான்.

இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராஜர்சும் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைனும் முதலில் தயங்கினார்கள். ஒரு நட்சத்திரத்துக்கென்று நாடகம் எழுதுவது அவர்கள் வழக்கமல்ல. லாரன்சின் குரலைப் பற்றிய கவலையும் இருந்தது. ஒப்புக்கொண்ட பிறகு ராஜர்ஸ் அந்தக் குறையை மறைக்க முயலவில்லை. அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார். ஆனாவின் பாடல்களைக் குறுகிய சுர வீச்சுக்குள் அமைத்தார். உயரப் பறக்க வேண்டிய மெட்டுகளை, வலுவான குரல் கொண்ட டொரெட்டா மாரோ, டொரத்தி சார்னாஃப் போன்றோரிடம் ஒப்படைத்தார். இளம்பெண் டப்டிம் பாடும் ‘மை லார்ட் அண்ட் மாஸ்டர்’ அப்படிப் பிறந்த சொப்ரானோ பாடல்.

அரங்கேற்றத்துக்கு முந்தைய முன்னோட்டக் காட்சிகளில் நாடகம் கனமாக இருப்பதாகத் தோன்றியது. ஆனாவும் பிள்ளைகளும் சேர்ந்து பாட ஒரு பாடல் வேண்டும் என்று லாரன்ஸ் கேட்டார். ராஜர்ஸ் முந்தைய நாடகமொன்றில் பயன்படுத்தாமல் ஒதுக்கிய மெட்டு ‘கெட்டிங் டு நோ யூ’ என்ற புதிய பாடலாயிற்று. இன்றும் உலகெங்கும் பிள்ளைகள் பாடும் பாடல் அது.

1951 மார்ச் 29இல் நியூயார்க்கில் நாடகம் அரங்கேறியது. மறு ஆண்டு சிறந்த நடிகைக்கான டோனி விருது லாரன்சுக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு நடிப்பும் கற்பித்தார். மேடையில் கனமான அகலப் பாவாடைகளுடன் ஆட வேண்டியிருந்தது. உடல் தளர்ந்துகொண்டே வந்தது. காரணம் என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. 1952 ஆகஸ்ட் 16இல் பகல் காட்சி முடிந்ததும் அவர் மயங்கி விழுந்தார். செப்டம்பர் 6இல் உயிர் பிரிந்தது. கல்லீரல் புற்றுநோய் இருந்தது அதன் பின்னரே தெரியவந்தது. மன்னருடன் ஆனா ஆடும் காட்சியில் அணிந்த அதே உடையோடு அவரை அடக்கம் செய்தார்கள். பிராட்வேயிலும் லண்டனிலும் நாடக அரங்குகள் விளக்கைத் தணித்து அஞ்சலி செலுத்தின.

அவர் மறைந்த பின்னும் நாடகம் தொடர்ந்தது. மொத்தம் 1,246 காட்சிகளைக் கண்டது. அன்று முதல் எத்தனையோ நடிகைகள் ஆனாவாக வந்து போயிருக்கிறார்கள். லாரன்சைவிட நன்றாகப் பாடக்கூடியவர்கள் அவர்களில் பலர். ஆனால் அவர்கள் அனைவரும் பாடுவது, அவருடைய குரலுக்கு அளவெடுத்துத் தைத்த பாடல்களைத்தான். அடுத்த முறை ‘ஹலோ, யங் லவர்ஸ்’ பாடலைக் கேட்கும்போது மெட்டு எவ்வளவு உயரம் போகிறது என்பதோடு, எங்கே உயரம் போகாமல் நின்றுகொள்கிறது என்பதையும் கவனித்துப் பாருங்கள். அந்த இடங்களில் லாரன்ஸ் இருக்கிறார்.